யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை: மருந்தியல் ஆய்வகச் சுழற்சியில் ஒரு நிகழ்வு

பின்னணி

காவிரிப் படுகையில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் மருந்தியல் துறையில் நடந்தது இது. ஊர், ஆண்டு, பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட மாணவியும் ஆசிரியர்களும் இதை எழுதச் சம்மதித்து, வரைவைப் படித்தும் பார்த்தார்கள். பிறகு விலகிப்போன ஒரு மாணவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். வழிகாட்டியை முடிவு செய்யும் முன் புது மாணவர்கள் ஒவ்வோர் ஆய்வகமாகப் போய் வேலை பார்ப்பதைத்தான் சுழற்சி என்கிறோம். அந்த ஆண்டு சுழற்சிக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அதனால் இதில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்தில் பிஎச்.டி. சேர்பவருக்கு வழிகாட்டி யார் என்பது நேர்முகத் தேர்வு அன்றே தெரிந்துவிடும். பல சமயம் அதற்கு முன்பே தெரிந்திருக்கும். அமெரிக்க மருந்தியல் துறைகள் பலவற்றில் முதலாண்டு மாணவர் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார். பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் இந்த வழக்கம் உண்டு. எங்களைப் போன்ற சிறிய துறைக்கு இது புதிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அத்தனை காலம் ஒருவரோடு வேலை பார்க்கப் போகிறவர், முதலில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டுமே என்றுதான் தொடங்கினோம்.

நான்கு மாணவர்கள், மூன்று ஆய்வகங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு வாரம். பாடப்பகுதி வகுப்புகள் கூடவே நடக்கும். எட்டு வாரத்தில் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி ஒரு புதிய வேலையைத் தொடங்க முடியாது. ஆகவே சுழற்சியில் உயிருள்ள விலங்கைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். மூன்று ஆய்வகமும் முடிந்தபின் மாணவர் விருப்பப் படிவத்தில் மூன்று பேரையும் வரிசைப்படுத்த வேண்டும். ஆசிரியர்கள் ஒரு பக்க மதிப்பீடு எழுதித் தருவார்கள். இரண்டையும் வைத்து நான் பொருத்தம் பார்ப்பேன். இதில் இரண்டாவது ஆய்வகம் என்னுடையது. ஒருங்கிணைப்பாளரே ஒரு வழிகாட்டியாகவும் இருக்கலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாணவி திருவாரூர் மாவட்டத்துக் கிராமத்தவர். விவசாயக் கூலிக் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி. மருந்தியல் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னால் "பூச்சி மருந்தா?" என்று கேட்பார்களாம். டெல்டாவில் மருந்து என்றால் முதலில் வயலுக்கு அடிப்பதுதான். அது சிரிக்கிற விஷயமாகத்தான் அன்று எங்களுக்குப் பட்டது.

முதல் ஆய்வகம்: ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை

மூத்த பேராசிரியரின் ஆய்வகம் இது. ஆர்கன் பாத்தில், அதாவது உறுப்புத் துண்டை வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிடும் கண்ணாடிக் கலத்தில், கோழிக் குடல் துண்டைக் கட்டி, தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் சைகைப் பொருளான அசிட்டைல்கோலினுக்கு அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளவு ஏற ஏறப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைத் தடுக்கும் அட்ரோபினைச் சேர்த்து, அளவுக்கும் சுருக்கத்துக்குமான அந்த வளைகோடு வலப்பக்கம் நகர்வதை, அதாவது அதே சுருக்கத்துக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவதைக் காட்ட வேண்டும். பழைய பாடம்தான். ஆனால் ஏற்பி (செல்லில் மருந்து போய் ஒட்டும் இடம்) என்றால் என்ன, தடுப்பான் (அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்து) என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குடல் வருவது கறிக்கடையிலிருந்து. காலை ஆறரை மணிக்குக் திசுவை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான டைரோடு கரைசலைக் குளிரவைத்து பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு பாய் கடையில் போய் நிற்க வேண்டும். அறுத்த உடனே, இரட்டைக் குடல்வால் பக்கத்திலிருக்கும் பகுதியைப் பார்த்து வெட்டிக் கரைசலில் போட வேண்டும். எப்படியும் எறிவதுதானே என்று பாய் குடலுக்குக் காசு வாங்குவதில்லை. ஆய்வகத்துக்கு வந்ததும் உள்ளே இருப்பதைக் கரைசலால் மெல்லக் கழுவி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு எடுத்து, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரியில் காற்றுக் குமிழ் விட்டு அரைமணி நேரத்துக்கு மேல் ஓய்வில் வைக்க வேண்டும். நூலை இறுக்கிக் கட்டினால் குடலின் வாய் அடைபட்டு உள்ளே கரைசல் ஓடாது. தளரக் கட்டினால் நழுவிவிடும்.

முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் போலத்தான் இவருக்கும். நூல் நழுவியது. ஒருநாள் கால்சியம் குளோரைடை முன்பே ஊற்றிவிட்டதால் பைகார்பனேட்டோடு சேர்ந்து கரைசல் பால் திரிந்தது போல வெளுத்துவிட்டது. கால்சியத்தைத் தனியாகக் கரைத்து, மற்றவற்றுக்கு முக்கால்வாசி தண்ணீர் சேர்த்தபின் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். அந்த லிட்டரை அவர் கொட்டிவிட்டு, நோட்டில் "வெளுத்தது, கால்சியம் முந்தியது, கொட்டினேன்" என்று எழுதியிருந்தார். நான்காம், ஐந்தாம் வாரங்களில் வளைகோடுகள் சுத்தமாக வந்தன.

ஆறாம் வாரத்திலிருந்து கெட்டது. மருந்து சேர்க்காதபோது சமமாக ஓட வேண்டிய அடிக்கோடு மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஒரே அளவு மருந்துக்கு முதலில் வந்த சுருக்கம் அரைமணி கழித்துப் பாதியானது. அட்ரோபின் பகுதிக்கு அவரால் போகவே முடியவில்லை. எட்டு வாரம் முடிந்ததும் பேராசிரியர் மதிப்பீட்டில் இரண்டு வரி எழுதினார்: "கைப்பக்குவம் போதாது. ஆர்வம் சுமார்." நான் அதைக் கோப்பில் வைத்துவிட்டேன். நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது ஆய்வகம்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை

என்னுடைய எச்.பி.எல்.சி. ஆய்வகம். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. மாத்திரைகளில் மருந்தின் அளவைக் கண்டுபிடிக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழை, தீபாவளி விடுப்பு, பேருந்து வராத நாள்கள், நடுவில் போய்ப் போய் வரும் மின்சாரம் எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஐந்து வாரம்தான். வேலையைச் சரியாகச் செய்தார். அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. "நன்று" என்று எழுதினேன். அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது ஆய்வகம்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை

ஓர் உதவிப் பேராசிரியரின் நச்சியல் ஆய்வகம். பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலாளர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் செயல்பாட்டை அளக்கும் திட்டம், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் இந்த நொதியைத்தான் முடக்கும். முடங்கினால் உடலில் அசிட்டைல்கோலின் தேங்கிவிடும். முதல் ஆய்வகத்தில் குடல் துண்டைச் சுருங்க வைத்த அதே பொருள்தான். அந்தத் தொடர்பை மாணவி முதல் வாரமே நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்திருந்தார்.

அளக்கும் முறை 1961இல் எல்மேன் வெளியிட்டது. நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் வரும். அதை 412 நானோமீட்டரில் படிக்க வேண்டும். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினும் அதே இடத்தை ஒட்டி ஒளியை உறிஞ்சும் என்பதால், நொதி அளவா ரத்தத்தின் நிறமா என்று பிரிக்கத் தெரியாதவர் கையில் இது பொய் சொல்லும். மாணவி ஒவ்வொரு மாதிரிக்கும், நொதி வேலை செய்யும் வினைபடுபொருளைச் சேர்க்காத ஒரு குழாயைக் கூடவே வைத்துப் படித்தார். யாரும் சொல்லித் தரவில்லை என்கிறார் அந்த உதவிப் பேராசிரியர்.

ஆனால் அவரைக் கவனிக்க வைத்தது வேறு. சம்பா வயலில் புகையான் பூச்சிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த நேரம். ஆய்வுக் குழுவோடு கிராமத்துக்குப் போனபோது, செவிலியர் ஊசியை எடுக்கும் முன் ஒரு பெரியவர் மாணவியிடம் கேட்டிருக்கிறார்: "நான் மருந்து அடிக்க ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. இப்ப ரத்தம் எடுத்து என்ன பாப்பே பாப்பா? முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி சரியானது. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் இயல்பிலேயே வேறுபடும். ஒருவரின் அளவு குறைந்திருக்கிறதா என்று சொல்ல, மருந்தைத் தொடுவதற்கு முன் அவருக்கு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். திட்டத்தில் அது இருந்தது. நிதி தாமதமாக வந்ததால், மருந்து அடிப்பதற்கு முந்தைய ரத்த மாதிரியை எடுக்காமலேயே குழு களத்துக்குப் போய்விட்டது. மாணவி அடுத்த ஆய்வகக் கூட்டத்தில் அந்தப் பெரியவர் கேட்டதை அப்படியே சொன்னார், "அவர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல சார்" என்று முடித்தார். உதவிப் பேராசிரியர் மாதிரி எடுப்பதை அத்தோடு நிறுத்தினார். குறுவைக்கு முன், மருந்து அடிக்காத மாதத்தில் முதலில் எடுப்போம் என்று தள்ளி வைத்தார்.

விருப்பப் படிவம்

பிப்ரவரி கடைசியில் படிவங்கள் வந்தன. இந்த மாணவி முதல் இடத்தில் மூத்த பேராசிரியரின் பெயரை எழுதியிருந்தார்.

எனக்கு ஆச்சரியம். துறை அலுவலகத்தில் வைத்தே, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, "இதுதான் உன் விருப்பமா?" என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் சரிங்க மேடம்" என்றார். கேட்ட இடமும் சரியில்லை, கேட்ட ஆளும் சரியில்லை. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்ததே. மூன்றாவதாக.

இரண்டு நாள் கழித்து ஆய்வக உதவியாளர் என்னிடம் வந்தார். மாணவர்கள் அண்ணே என்று கூப்பிடுகிற, எல்லோரும் மனசுவிட்டுப் பேசுகிற மனிதர். "அந்தப் பொண்ணு சேர்ந்த புதுசுல ஹாஸ்டல் பணம் கட்ட முடியாம நின்னுச்சு மேடம். சார்தான் கட்டினாரு. இப்ப அவரு பேர எழுதலன்னா சாருக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு எழுதியிருக்கு" என்றார்.

அன்று மாலையே பேராசிரியரைப் பார்த்து, மதிப்பீட்டில் அப்படி எழுதியிருக்கிறீர்களே, இவரை எடுத்துக்கொள்ளத் தயாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பொண்ணு என் பேர எழுதியிருக்குன்னா நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? நம்பி வந்திருக்கு" என்றார்.

இருவருக்கும் இதில் விருப்பம் இல்லை. ஆனாலும் மறுநாள் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் ஐந்தாறு ஆண்டுக்குச் சேர்ந்திருப்பார்கள், இரண்டு பக்கமும் மரியாதையாக.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் படிவங்களை ஒரு வாரம் நிறுத்தி வைத்தேன். காரணம் கேட்டவர்களிடம் மதிப்பீடுகள் முழுமையாக இல்லை என்றேன். அது உண்மையும்கூட.

அடுத்து, நான்கு மாணவர்களையும் தனித்தனியாகச் சந்திக்கும்படி உயிர்வேதியியல் துறை ஆசிரியை ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். எங்கள் துறையில் யாருக்கும் அவர் கீழோ மேலோ இல்லை. வேறு கட்டடத்தில், ஆளுக்கு அரைமணி. இந்த மாணவியை மட்டும் அழைத்தால் விஷயம் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் நால்வரும். அவர்கள் சொன்னதில் எதை எனக்குச் சொல்லலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்றும் பேசிக்கொண்டோம். இந்த மாணவி, மூன்றாவது ஆய்வகம்தான் தன் விருப்பம் என்பதை எனக்குச் சொல்லலாம் என்றார். ஹாஸ்டல் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இன்று இதை எழுத அவரே சொன்னார்.

அப்புறம்தான் அவருடைய மூன்று ஆய்வக நோட்டுகளையும் வாங்கி ஒரே மேசையில் விரித்தேன். அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

முதல் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இரண்டு நேரம் இருந்தது: கோழி அறுத்த நேரம், குடலை ஆர்கன் பாத்தில் தொங்கவிட்ட நேரம். செப்டம்பர் நடு வரை இடைவெளி ஒரு மணிக்குள். அதன்பின் இரண்டரை மணி, மூன்று மணி, ஒருநாள் நான்கு மணிக்குப் பக்கம். ஒரு பக்க ஓரத்தில் பென்சிலில் "புரட்டாசி, கடை 10 மணிக்குத்தான்" என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கம் புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது. பாய் காலையில் கடையைத் திறக்கவில்லை. மாணவி காலை வகுப்பை முடித்துவிட்டு ஓடிப்போய், கடையில் எப்போதோ அறுத்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நேரம் ஆன குடல், ஏறுகிற அடிக்கோடு, தேய்கிற சுருக்கம். எல்லாம் அந்த நோட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பேராசிரியரின் கையெழுத்தும் இருந்தது.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று பிறகு மாணவியைக் கேட்டேன். "சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு நெனச்சேன் மேடம். எழுதி வச்சா சார் பாத்துப்பாருன்னு நெனச்சேன்."

இன்னொரு வழியும் யோசித்தோம். முதல் மதிப்பீட்டை ரத்து செய்துவிட்டு, இந்த ஆண்டுக்கு மட்டும் என் பொறுப்பில் நானே ஆளைப் பிரித்துவிடுவது. வேகமாக முடிந்திருக்கும். ஆனால் நானும் ஒரு வழிகாட்டி. நான் பிரித்தால் அடுத்த ஆண்டும் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் படிவம் நிரப்புவார்கள். அதனால் படிவத்தை மாற்றி, நால்வரையும் திரும்ப எழுதச் சொன்னோம். மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனித் தாள். வரிசை எண் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "சேரலாம்", "வேண்டாம்" என்ற இரண்டு கட்டம் மட்டும். உயிர்வேதியியல் ஆசிரியைதான் பிரித்துப் பார்ப்பார். யார் யாரை வேண்டாம் என்றார் என்பது அவரோடு நின்றுவிடும்.

அடுத்து நடந்தது

நோட்டை எடுத்துக்கொண்டு மூத்த பேராசிரியரிடம் நானே போனேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பென்சில் எழுத்து இருந்த பக்கத்தில் நின்றார். "கடை நேரம் மாறினது எனக்குத் தெரியாதே" என்றார். மதிப்பீட்டுத் தாளை வாங்கி "ஆர்வம் சுமார்" என்பதை அடித்தார். முதல் வரியை அடிக்கவில்லை. நான்காம் வாரத்திலும் நூலை இறுக்கித்தான் கட்டியிருக்கிறாள், பதிவில் பாருங்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அவர் துறைத் தேநீருக்கு வரவில்லை. வருத்தம் என்னோடா, தன்னோடா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புதிய தாள்களின்படி மாணவி மூன்றாவது ஆய்வகத்தில் சேர்ந்தார். இது சுலபமாக முடியவில்லை. உதவிப் பேராசிரியர் ஒருவர் நான்கு பிஎச்.டி. மாணவர்களைத்தான் வழிநடத்தலாம். அவரிடம் மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். இருந்த ஓர் இடத்துக்கு இன்னொரு மாணவரும் விரும்பியிருந்தார், அவருக்கும் "சேரலாம்" என்றே வந்திருந்தது. உதவிப் பேராசிரியர் மாணவியைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர் என் ஆய்வகத்தில் சேர்ந்தார், நச்சியல் ஆய்வகம் இணை வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு. அவர் அதில் மகிழ்ச்சியாக இல்லை. ஆடி பிறப்பதற்குள் ஒரு மருந்து நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். சம்பளம்தான் காரணம் என்றார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

குறுவைக்கு முன், வயலில் யாரும் தெளிப்பானைத் தோளில் மாட்டாத நாள்களில், அதே கிராமத்தில் அந்த முந்தைய ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. கேள்வி கேட்ட பெரியவர் முதல் ஆளாக வந்து கையை நீட்டினார் என்று மாணவி சொன்னார்.

ஹாஸ்டல் பணத்தை அவர் உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். பேராசிரியர் வாங்கவில்லை.

இனி மாற்றுவது

ஒருங்கிணைப்பாளர் அந்த ஆண்டு மாணவர் எடுக்காத ஆசிரியராக இருக்க வேண்டும். இது முடிவாகிவிட்டது, நான் விலகிக்கொண்டேன். இரண்டு கட்டத் தாளும் நிலைத்துவிட்டது. நோட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியர் அந்த வாரத்தில் என்ன பார்த்தார் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் என்ற என் யோசனைக்குப் பாதிப் பேர்தான் சம்மதித்தார்கள். மீதிப் பேருக்கு அது தங்களைச் சோதிப்பது போலப் படுகிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்குப் பண நெருக்கடி வந்தால் தனி ஆசிரியரின் பையிலிருந்து போகக்கூடாது, துறைக்கென்று சிறு நிதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகத்திடமிருந்து பதில் இல்லை.

குடல் வேலையைப் புரட்டாசிக்கு முன்பே முடிக்கலாம் என்று பார்த்தால் சேர்க்கையே ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. மூத்த பேராசிரியரே பாயிடம் போய்ப் பேசினார். புரட்டாசியிலும் காலை ஆறரைக்குக் கல்லூரிக்கென்று ஒரு கோழி தனியாக அறுத்துத் தருவதாகப் பாய் ஒத்துக்கொண்டார். ஆனால் விற்காத மாதத்தில் குடல் மட்டும் இனாமாகத் தர முடியாது, முழுக் கோழிக்கும் காசு வேண்டும் என்கிறார். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, கோழியை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று துறைக் கூட்டத்தில் இரண்டு முறை பேசியாகிவிட்டது.